செல்லக்கிளியின் உப்பு

ஸ்டெல்லா எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. அவள் வாய்க்குப் பயந்து ஊர் வைத்த பெயர் டீச்சர். வேதாரண்யத்தில் உப்பு வாருகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் காலையில் சாமி கும்பிடுகிறார்களோ இல்லையோ, வாட்ஸ்அப் குழுவில் அவள் மழை பற்றிப் போடும் குரல்பதிவைக் கேட்டுவிடுவார்கள்.

"இன்னிக்கு மேற்கே இடி கட்டும். இங்க வருமான்னு தெரியாது. வந்தா சாயங்காலம்."

அவ்வளவுதான். பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் கலியபெருமாள். அவளைவிட வயதில் மூத்தவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை டீச்சர் என்பார். மொட்டைமாடியில் இருந்த மழைமானியை தினமும் பார்த்துவரும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தாள். சித்திரை வெயிலில் அதற்குள் என்ன இருக்கும்? செத்த எறும்பு இருக்கும். அதைத் தட்டிவிட்டு வந்து, எறும்பு என்று சொல்வார்.

ஒருநாள் கேட்டார்.

"டீச்சர், குழுவுக்கு நான் எப்போ சொல்றது?"

"என்னத்த?"

"மழை வருமா வராதான்னு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது. நாளைக்கும் எறும்பைப் பாருங்க."

மனம் பொறுக்காமல் கலியபெருமாள் ஃபேஸ்புக்கில் தனியாக ஒரு பக்கம் தொடங்கினார். பெயர் 'டெல்டா இடிமுழக்கம்'. மேற்கே மேகம் கறுத்த முதல் நாளே எழுதினார்: "இன்று மாலை கனமழை உறுதி." தெரியாது என்கிறவளை மதிப்பார்கள், உறுதி என்கிறவரைத்தான் நம்புவார்கள். உப்பளத்தில் எல்லோரும் உப்பு அம்பாரத்தை மூட ஓடினார்கள். மேகம் திருத்துறைப்பூண்டிவரை வந்தது. கடல்காற்று எழுந்தது. மேகம் வந்த வழியே போய்விட்டது.

மறுநாளும் உறுதி என்றார். அதற்கு மறுநாளும். தூரத்தில் இடி உறுமியது. மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை.

செல்லக்கிளி தனியாளாக உப்பளம் நடத்தினாள். புருஷன் இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தான். அந்தக் கோடை முழுக்க வாரிய உப்பு மேட்டில் அம்பாரமாக நின்றது, லாரிக்குக் காத்திருந்தது. மழை பட்டால் கரைந்து மண்ணோடு போகும். கலியபெருமாளின் பக்கத்தைப் படித்துவிட்டு தினமும் சாயங்காலம் தென்னங்கீற்று சுமந்து மூடுவாள். காலையில் பிரிப்பாள், பிரிக்காவிட்டால் ஈரம் காயாது, புது உப்பையும் கொட்ட முடியாது. மூடுவதும் பிரிப்பதுமாக ஒரு வாரம் போனது. அவளுக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

அப்போது கடலில் புயல் சின்னம் பிறந்தது.

கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் ஆறேழு கணினி வரைபடங்களைத் திறந்து பார்த்தார். ஒன்று புயலை நேராக வேதாரண்யத்துக்குக் கூட்டி வந்தது. மற்றவையெல்லாம் ஒடிசா என்றன. அவற்றை மூடிவிட்டார். அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினார்.

"டீச்சர், வருது! நம்ம ஊருக்கே வருது!"

டீச்சர் மத்தி மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாரு, மாப்பிள்ளையா?"

அவர் முகம் சுண்டியது.

"வந்தாலும் வரும், வடக்கே போனாலும் போகும்" என்றாள். "எதுக்கும் மூடி வைங்கன்னு காலையிலயே சொல்லிட்டேன். எல்லாரும் மூடிட்டாங்க. செல்லக்கிளிதான் மாட்டேங்கிறா."

"ஏனாம்?"

"உங்க வாசகிதானே? போய்க் கேளுங்க."

போனார். அம்பாரத்தின் நிழலில் செல்லக்கிளி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, உறுதி சார்."

"சாயங்காலத்துக்குள்ள மூடிடும்மா."

"மூட மாட்டேன்."

"கரைஞ்சிடும்மா."

"கரையட்டும். நான் கொஞ்சம் தூங்கறேன்."

"இது புயல். சாதாரண மழையில்ல."

"நேத்து என்னவாம்? முந்தாநாள் என்னவாம்? நீங்க வீட்டுல ஃபேன் போட்டு உக்காந்து ஒரு வார்த்தை எழுதறீங்க. அதை இங்க நான் சுமக்கறேன். போங்க சார், கண்ணு சொக்குது."

திரும்பி வந்தார்.

"கேக்க மாட்டேங்கிறா டீச்சர். அவளை எப்படி நம்ப வைக்கிறது?"

டீச்சர் கையைக் கழுவினாள். கொடியில் கிடந்த தேங்காய்ப்பூத் துண்டை உருவி அவர் தோளில் போட்டாள்.

"இது எதுக்கு?"

"கீத்து தோளைக் கிழிக்கும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மீன்சட்டியைப் பார்த்தாள்.

உச்சி வெயிலில் ஒற்றை ஆளாகக் கீற்று சுமந்தார். துண்டையும் மீறித் தோள் கிழிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலிருந்து மூடத் தொடங்கினார். செல்லக்கிளி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம்தான். அதற்குமேல் அவளால் சும்மா கிடக்க முடியவில்லை.

"சார், கீழேருந்து மேல போகணும். கூரை வேயறதைப் பார்த்ததே இல்லையா?"

"வங்கியில கூரை இல்லம்மா."

"அங்க ஏசி. தெரியும்."

பிரித்துவிட்டு மறுபடி கீழேயிருந்து மூடினார். கடைசியில் அவளும் எழுந்து இடது கையால் கயிற்றைப் பிடித்தாள்.

பொழுது சாய்கையில் கடல் பக்கம் ஈயம் பூசினாற்போல் ஆனது. காற்று மாறியது. வடபுறத்துக் கீற்று படபடத்தது. களிமண் கட்டிகளை அள்ளி வைத்தார்கள், காற்று தள்ளிவிட்டது. கலியபெருமாள் அதன்மேலேயே குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார். பெருந்தூற்றல் ஒன்று அடித்துவிட்டுப் போனது. அவர் கன்னத்தடியில் கீற்று. கீற்றுக்கடியில் அவளுடைய கோடை. அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன சார் முணுமுணுக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. நீ அந்தப் பக்கம் பிடி."

இருட்டுவதற்குள் காற்று தணிந்தது.

விடிந்தபோது வானம் துடைத்து வைத்த பாத்திரம் போலிருந்தது. புயல் வடக்கே திரும்பியிருந்தது. ஃபேஸ்புக்கில் இடிமுழக்கம் பக்கத்தில் ஊரே கூடியிருந்தது. குடை வாடகைக்குக் கிடைக்குமா உறுதி சார் என்று ஒருவன். இன்னிக்குத் துணி காயப்போடலாமா என்று ஒருத்தி.

உப்பளத்துக்கு லாரி வந்தது. செல்லக்கிளியின் உப்பு வெள்ளையாக, கரையாமல் ஏறிப் போனது. அவள் தகரக் கொட்டகையில் சுருண்டு படுத்துத் தூங்கினாள்.

கலியபெருமாள் டீச்சர் வீட்டு மாடிக்கு ஏறினார். மழைமானியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அளக்கத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இனிமே குழுவுக்குச் சொல்றேன்னு கேக்க மாட்டேன். எறும்பைப் பார்க்கறதோட நிறுத்திக்கறேன்."

"கேலி பண்றாங்களா?"

"பண்றாங்க. அது போகட்டும்." தோளைத் தடவிக்கொண்டார். "நேத்து கீத்து மேல படுத்திருந்தேன்ல, அப்ப வேண்டிக்கிட்டேன். வடக்கே போயிடு, வடக்கே போயிடுன்னு. நான் சொன்னது பொய்யாகட்டும்னு நானே வேண்டிக்கிட்டேன்."

டீச்சர் ஒரு சட்டையை உதறினாள்.

"இப்படி வேண்டிக்கிற ஆளு வானத்தை எப்படி டீச்சர் நேராப் பார்க்க முடியும்?"

"இத்தனை நாளும் வரணும்னு வேண்டிக்கிட்டுத்தானே சார் பார்த்தீங்க?"

கலியபெருமாள் மழைமானியைக் கையில் எடுத்து, தண்ணீரை அளக்கத் தொடங்கினார்.