இளைத்த துப்பாக்கியின் உதை

அந்தக் காலத்தில் யானையும் பேசும், இரும்பும் பேசும். மலையடிவாரத்தில் ஜடையன், மாதி என்று கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்களிடம் இரண்டு பெரிய துப்பாக்கிகள். அக்கா கரிச்சி, தங்கை செம்பி. இருவருக்கும் ஒரே எடை, ஒரே அளவு வெடிமருந்து, ஒரே அளவு குண்டு. சுட்டால் இரண்டும் தோளை லேசாகத் தள்ளும், அவ்வளவுதான்.

ராகிக் கதிர் முற்றியிருந்தது. அது போனால் வருஷம் முழுக்க வீட்டில் களி கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு கொம்பன் யானை வேலியோரம் வந்து நின்றது.

"நாளைக்குச் சாப்பிட வர்றேன். வேலியை நீங்களே எடுத்துவெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. என்ன திமிர் பாருங்கள்!

"நாளைக்கு என்னைத்தான் தூக்கணும்" என்றாள் செம்பி.

"போடி, உன்னைத் தூக்கிட்டுக் காவல் பரண் ஏறுறதுக்குள்ள என் இடுப்பே போயிரும்" என்றாள் மாதி.

செம்பிக்குச் சுருக்கென்றது. உடனே ஜடையனை நச்சரித்துக் கொல்லரிடம் போனாள். "குழலைச் சீவுங்க, கட்டையைச் செதுக்குங்க!"

"உடம்பைக் குறைக்கலாம் தாயி. மருந்தையும் குறைச்சுக்கிறியா?"

"சாப்பாட்டைக் குறைச்சா யானை என்னை மதிக்குமா? அது அப்படியே இருக்கட்டும்!"

கொல்லர் அரத்தை எடுத்தார். செம்பி பாதியாகித் திரும்பினாள்.

"அடிப்பாவி, உடம்பு எங்கேடி?" என்று பதறினாள் கரிச்சி.

"வயிறெரியாதே அக்கா!"

மறுநாள் வேலி படபடவென்று முறிந்தது. மாதி செம்பியைத் தூக்கிக்கொண்டு பரணில் விறுவிறுவென்று ஏறினாள். ஜடையன் கரிச்சியோடு மூச்சு வாங்கிக்கொண்டு கீழே நின்றான்.

செம்பியின் வயிற்றிலிருந்து குண்டு கேட்டது: "நீ என்னை எவ்வளவு தள்ளுறியோ, அவ்வளவும் உன்னைத் தள்ளிட்டுத்தான் போவேன். தாங்குவியா?"

"போடா குண்டுப் பயலே!"

டமார்! செம்பி பின்னால் பாய்ந்து மாதியின் தோளில் உதைத்தாள். மாதி பரணிலிருந்து வைக்கோல்போரில் விழுந்தாள். குண்டு பலாமரத்தில் போய்ப் புதைந்தது. "ஐயோ, என் தோளு!" என்று அலறினாள் மாதி.

யானை ராகிக்குள் காலை வைத்துவிட்டது!

டமார்! கரிச்சிக்கும் அதே தள்ளுதான். ஆனால் அவள் கனத்த உடம்பு அந்தத் தள்ளலுக்கு மெதுவாகத்தான் பின்னால் நகர்ந்தது. ஜடையன் அரையடிகூட நகரவில்லை. குண்டு கொம்பின் நுனியைப் பெயர்த்தது. "அம்மாடி!" என்று யானை காட்டைப் பார்த்து ஓடியது.

"என் இரும்பைத் திருப்பிக் குடுங்க!" என்று செம்பி கொல்லரிடம் அழுதாள்.

கொல்லர் வயலைக் காட்டினார். சீவிய இரும்பு அரிவாளாகி ராகி அறுத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: ஒரே மருந்து, ஒரே குண்டு போட்டாலும் கனத்த துப்பாக்கி தோளைத் தள்ளுகிறது, இளைத்த துப்பாக்கி ஆளையே உதைக்கிறது.