கழுத்தைத் திருப்பாத காவல்காரன்

இதை முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கேட்டபடியே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் காற்றும் இரும்பும் பேசும். கடற்கரை மேட்டில் ரேடார் என்ற காவல்காரன் நின்றான். தாம்பாளம் மாதிரி முகம், ஒரே வாய். கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குரல் கொடுப்பான். குரல் எதன்மேலாவது மோதித் திரும்பி வந்தால், அங்கே ஏதோ வருகிறது என்று சங்கு ஊதுவான்.

சலேத்மேரிக்கு அந்தக் காவலில் நம்பிக்கை இல்லை. அவள் புருஷன் மிக்கேல் கடலுக்குப் போயிருந்தான். கருவாடு காயப்போட்டுக்கொண்டே, காவல்காரன் முகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே ஒரு தீவுக்குப் பின்னால் பதுங்கியிருந்த சூறைக்காற்றும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன மதினி, காவக்காரன் வடக்க திரும்பிட்டானா?" என்றது காற்று.

"ஒனக்கு எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன். கேக்கக் கூடாதா?"

கேட்டுக்கொண்டே கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. காவல்காரன் முகம் தெற்கே வந்ததும் மறுபடி பதுங்கியது.

சலேத்மேரி கருவாட்டை அப்படியே போட்டாள். மேட்டில் ஏறி, முகம் கிழக்கே பார்த்திருக்க, வலைக்கயிற்றால் காவல்காரன் கழுத்தை இறுக்கிக் கட்டினாள்.

"ஏளா, கிறுக்கச்சி! இனி நான் எப்படிப் பாப்பேன்?"

"நீ திரும்புறதப் பாத்துதான அது வருது!"

அவன் வாய்க்குள் கடுகளவு இரும்பு நாக்குகள் ஆயிரம் இருந்தன. அவற்றை எடுத்து முகம் முழுக்க வரிசையாக நிறுத்தினாள். எல்லாம் ஒன்றாகக் கத்தின. குரல் நேரே கிழக்கே போனது.

கரைவலை இழுக்கும் வரிசையில் ஓர் ஓரத்து ஆள்கள் பிந்தினால், வரிசையே அந்தப் பக்கம் திரும்பிவிடும். அது அவளுக்குத் தெரியும்.

"வடக்கோரத்து நாக்கு மொதல்ல. அடுத்தவன் துளி பிந்தி. அதுக்கடுத்தவன் இன்னும் துளி பிந்தி. எவனும் முந்தப்படாது."

"இவன் முந்துவான்," என்றது ஒரு நாக்கு.

"நீதாம்ல முந்துவ," என்றது பக்கத்து நாக்கு.

ஒன்றையொன்று சந்தேகமாகப் பார்த்தபடியே முறை தவறாமல் கத்தின. முகம் அசையவில்லை. குரல் மட்டும் தெற்கே சாய்ந்து போனது.

முகம் கிழக்கேதான் இருக்கிறது என்று நம்பிய காற்று, தீவை விட்டு நிமிர்ந்து வந்தது. குரல் அதன் நெஞ்சில் மோதியது. சங்கு ஊதிற்று. காற்று வந்து சேர்வதற்குள் மிக்கேல் படகைக் கரையேற்றிவிட்டான்.

அன்று முதல்தான் சில ரேடார்கள் கழுத்தைத் திருப்பாமலே பல பக்கமும் பார்க்கின்றன. இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காற்றுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதற்கு வம்பு என்று, எங்கள் குளியல் மறைப்புக்கு மேலேயும் ஓலை போட்டு மூடிவிட்டேன்.