குரோன் தீட்டிய ஈட்டி

அயர்லாந்தின் பழைய தெய்வங்களில் கோவ்னு கொல்லர். போர் வந்தால் ஈட்டிமுனை அடிப்பார். லுக்தா தச்சர், காம்பு செதுக்குவார். கிரெத்னே வெண்கல வேலைக்காரர். ஆணி வைத்து இரண்டையும் இறுக்குவார். முனையைத் தீட்டிக் கையில் கொடுப்பவள் குரோன். மனுஷி. கோவ்னுவின் சிஷ்யை.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். ஈட்டி வாங்குகிறவன் முனையைத் தொட்டுப் பார்க்கமாட்டான். வாங்குவான், போவான். அவ்வளவு நம்பிக்கை.

போர்க்காலத்தில் ஒருநாள் உச்சிவேளையில் ஒருவன் வந்து ஈட்டி கேட்டான். நம் படையாள் மாதிரிதான் உடுத்தியிருந்தான். அவன் முழி குரோனுக்குப் பிடிக்கவில்லை. சாணையில் ஒப்புக்கு ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தாள்.

வாங்கியவன் திரும்பி, கோவ்னுவின் விலாவில் பாய்ச்சினான். எதிரியின் ஒற்றன்.

கோவ்னு அதைப் பிடுங்கித் திருப்பி எறிந்தார். ஒற்றன் வாசலிலேயே செத்து விழுந்தான். தெய்வத்தின் கை, கூர் தேவைப்படவில்லை.

குரோன் காயத்தைக் கட்டினாள். முனை விலா எலும்போடு நின்றிருந்தது. கோவ்னு ஈட்டியை எடுத்துவரச் சொல்லி முனையைப் பார்த்தார்.

"யார் தீட்டியது?"

"நான்தான்."

"மழுங்கலாக இருக்கிறதே."

"வேண்டுமென்றுதான் ஆசானே. அவன்மேல் சந்தேகம். அதனால்தான் நீங்கள் பிழைத்தீர்கள்."

"சந்தேகம் என்றால் ஏன் கொடுத்தாய்?"

"நம் ஆளாக இருந்துவிட்டால்? ஈட்டி இல்லை என்று எப்படிச் சொல்வது?"

"நம் ஆளாக இருந்திருந்தால், இந்த மழுங்கல் ஈட்டியோடு போருக்குப் போயிருப்பான்."

குரோன் விடவில்லை. "கூராக இருந்திருந்தால் உங்கள் உயிர் போயிருக்குமே. நான் செய்தது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்கள்."

கோவ்னு உலைப்பக்கம் திரும்பிவிட்டார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. கஞ்சி காய்ச்சுகிற இடம், குதிரை கட்டுகிற இடம், பாசறை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். "என் சாணைதான் ஆசானைக் காப்பாற்றியது!"

"இனிமேல் உன்னைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, அம்மணி. மழுங்கல்தான் கிடைக்கும்" என்று லுக்தா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை போர்க்கொம்பு ஒலித்தது. அவள் மகன் ஃபீன்லக் முதல் வரிசையில் நிற்கவேண்டியவன். ஈட்டி வாங்க வந்தான். அவனுக்கென்று பார்த்துப் பார்த்துத் தீட்டி வைத்திருந்தாள்.

"போய்ட்டு வரேம்மா."

வாசல்வரை போனான். நின்றான். அவளுக்கு முதுகைக் காட்டியபடியே முனையில் கட்டைவிரலை வைத்துத் தடவினான். ரத்தம் துளிர்த்தது. விரலைச் சப்பிக்கொண்டே ஓடினான்.

அடுத்து வாங்கியவனும் தடவினான்.

குரோன் ஆசானைப் பார்த்தாள்.

கோவ்னு சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை. "சரியா, தப்பா என்று நேற்று என்னைக் கேட்டாயே," என்றார், "அந்தக் கட்டைவிரலைக் கேள்."