கதவைத் தொட்ட குதிரை

கிட்ட வந்து உக்காருங்க, பின்னால இருக்கிறவங்களும் நெருங்கி வாங்க. முன்னொரு காலத்தில் வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்கணும் அவனுக்கு. அவன் மகள் பொற்கொடி எல்லைக் கோட்டையில் இருந்தாள். ஆற்றுக்கு அக்கரையில் எதிரி. வெள்ளம் வடிந்தால் கடந்துவிடுவான்.

“இப்பவே அழைச்சிடலாம், மகாராஜா,” என்றார் மந்திரி கொற்றனார். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எதிரி கால் நனைக்குமுன்னே மகளைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்காதா? வடியட்டும், ஓலை விடுவோம். போய்ப் பதில் வர எவ்வளவு நேரம்?”

தளபதி விடங்கர் மீசையை நீவினார். “நேற்று சோதனைக்கு விட்ட குதிரைக்காரன் கோட்டைக் கதவைத் தொட்டுவிட்டுப் பொழுது சாயுமுன் வந்துவிட்டான். இங்கே புறப்பட்ட நாழிகை, அங்கே சேர்ந்த நாழிகை இரண்டையும் குறித்துப் பார்த்தோம். புறப்படுமுன்பே சேர்ந்திருக்கிறான், மகாராஜா!”

சபை கைதட்டியது. கொற்றனார் எழுந்தார்.

“தளபதியாரே, அங்கே நேரம் பார்க்கிற நாழிகை வட்டில் வேறே, இங்கே வேறே. போனதையும் வந்ததையும் ஒரே வட்டிலில் பார்க்கணும். அதோட, கதவைத் தொட்டால் ஆச்சா? முத்திரை ஓலை உள்ளே போய்ப் பதில் வரணும்.”

“மந்திரிக்குப் பொறாமை!” என்றார் விடங்கர்.

“ஒரு சின்னக் கேள்வி எழுதி விட்டுப் பார்க்கட்டுமா, மகாராஜா?”

“என்னத்தையாவது எழுதும்!” ராஜா படிக்காமலே முத்திரை குத்தினான்.

விடங்கரின் குதிரையும் ஓலைக்காரனும் ஒன்றாகப் புறப்பட்டார்கள். குதிரை சொன்னபடி திரும்பியது. ஓலைக்காரனைக் காணோம். மறுநாள் விடிந்தது, உச்சியும் ஆனது. வெள்ளம் மளமளவென்று வடிகிறது என்று சேதி வந்தது. ராஜாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. “கோட்டை போயிடுச்சாய்யா?” என்று கொற்றனாரைக் கேட்டான்.

ஒருவழியாக ஓலைக்காரன் வந்து விழுந்தான். “அரச ஓலைன்னு யானைமேல ஏத்தி ஊர்வலம் விட்டாங்க, சாமி. ராகுகாலம் கழிச்சுத்தான் பிரிச்சாங்க!”

ராஜா தலையில் கை வைத்தான். “இனி ஓலை விட்டு அவள் எப்போ வர? ஐயோ, என் பிள்ளை! விடங்கரே, கதவைத் தொட்டீர், கதவுக்கு உள்ளே நடக்கிறதைப் பார்த்தீரா?”

விடங்கரின் மீசை தொங்கிவிட்டது.

ராஜா கொற்றனார் பக்கம் திரும்பினான். “அப்படி என்னதான்யா கேட்டீர்?”

“‘இதைப் பிரித்த கையோடு இளவரசியைப் பல்லக்கில் ஏற்றிவிட்டீர்களா?’ன்னு கேட்டேன், மகாராஜா. ‘ஏற்றிவிட்டோம்’னு பதில் வந்திருக்கு.”

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். வாங்கக் கொற்றனார் அங்கே இல்லை. மாற்றுப் பல்லக்குத் தூக்கிகளைக் கூட்டிக்கொண்டு, இளவரசியை எதிர்கொள்ள எல்லைப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தார்.