பதினைந்தாவது உயில்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கிருந்த சாமிக்கு வயது ஐம்பத்தைந்து. ஞாயிறுதோறும் பாடம் கேட்க வரும் சீடர் ஆவுடையப்பனுக்கு எழுபத்திரண்டு, டவுனில் பாத்திரக்கடை. வயதில் மூத்த சீடரைக் குரு எப்படி அழைப்பது என்று சாத்திரங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. ஆகவே சீடர் ‘சாமி’ என்றார், சாமி ‘அண்ணாச்சி’ என்றார். இருவருக்கும் நிம்மதி.

அன்றைக்கு அண்ணாச்சி பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நாற்பது பக்கம் கொண்ட ஒரு தாள்கட்டை நீட்டினார்.

“சாமி, இது என் உயில். பதினைஞ்சாவது தடவையா எழுதியிருக்கேன். நான் போன பிறகு பிள்ளைக ரெண்டு பேரும் சண்டை போடக் கூடாது. அதுக்கு இதுல இன்னும் என்ன சேக்கணும்?”

“சண்டை போடுவாகன்னு யார் சொன்னா?”

“எங்க அப்பா போனப்ப நானும் எங்க அண்ணனும் போட்டோமே. ஒரு தராசுக்காக. எதிர்வரிசையிலதான் அவர் வீடு. பேசி முப்பத்தோரு வருஷமாச்சு.”

சாமி தாள்கட்டைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தார்.

“இதுல இருக்கிறது பிள்ளைகளுக்குத் தெரியுமா?”

“மூச்சு விடலை. பதினாலாவது உயில் பேங்க் லாக்கர்ல இருக்கு. இதையும் அங்கதான் வைக்கப் போறேன்.”

“லாக்கர் சாவி?”

“ஒளிச்சு வச்சிருக்கேன். எங்கேன்னு உயிலோட கடைசிப் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேன்.”

சாமி கண்களை மூடிக்கொண்டார். தியானம் போலத்தான் இருந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

பிறகு எழுந்து ஒரு பாயை விரித்தார். “படுங்க அண்ணாச்சி.”

“எதுக்கு?”

“நீங்க போயாச்சு.”

ஆவுடையப்பன் நல்ல சீடர். மறுபேச்சில்லாமல் படுத்து, கைகளை மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

“கண்ணை மூடணுமா சாமி?”

“போனவுக கேள்வி கேக்க மாட்டாக.”

மடத்தில் சமைக்கும் பூரணத்தம்மாள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சாமி அவரைக் கூப்பிட்டார்.

“தாயி, இப்ப நீங்க அண்ணாச்சி மக வடிவு. நான் மகன் குற்றாலம். அண்ணாச்சி போயி பதினாறு நாள் ஆச்சு.”

“அடப் பாவமே. போன வாரங்கூட ரெண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சாரே,” என்றபடி அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தார்.

சாமி உயிலைப் பிரித்துப் படித்தார்.

“அம்மாவின் வெண்கல உருளி குற்றாலத்துக்கு. அடியில் அவன் பெயர் வெட்டியாயிற்று.”

பூரணத்தம்மாளுக்கு வேஷம் உடனே பிடித்துவிட்டது. “அம்மா உருளி மகளுக்கு இல்லையா? பேரு வேற வெட்டியாச்சா? எனக்குத் தெரியாம எப்ப வெட்டினாரு?”

“நீ உன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டல்லா,” என்றார் சாமி. “அந்தக் கோவம் அப்பாவுக்குக் கடைசிவரைக்கும் போகலை.”

“கோவமா? யாருக்குக் கோவம்?” என்று பாயில் எழுந்து உட்கார்ந்தது பிணம். “அவளுக்கு முதுகுவலி. அந்த உருளியைத் தூக்க முடியாது. அதான்.”

“படுங்க. அப்படி இதுல எழுதலை.”

அண்ணாச்சி படுத்தார். சாமி பக்கத்தைப் புரட்டினார்.

“கடை வடிவுக்கு.” அவரே குரலை மாற்றிக்கொண்டார். “பதினெட்டு வருஷமா கல்லாவுல உக்காந்தது நான். கடை மட்டும் அவளுக்கா?”

“உன் கையில குடுத்தா ஒரே வருஷத்துல நீ இழுத்து மூடிருவேன்னு அப்பாவுக்குத் தெரியாதா?” என்றார் பூரணத்தம்மாள், ரொம்பப் பழகியவர் போல.

பிணம் இந்தத் தடவை முழங்காலில் நின்றது. “ஐயோ, அவனுக்குக் கடையே பிடிக்காது தாயி. எனக்காகத்தான் உக்காந்திருக்கான். ஊர் ஊராப் போயி கோயில் சிலையைப் படம் பிடிக்கணும்னு அவனுக்கு ஆசை. எனக்குப் பிறகாவது போகட்டும்னுதான் அப்படி எழுதினேன்.”

“அவர்கிட்ட சொன்னீகளா?” என்றார் சாமி.

“சொன்னா இப்பவே போயிருவானே...”

சொல்லிவிட்டு அண்ணாச்சி பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் அடிப்பிடிக்கிறது என்று பூரணத்தம்மாள் உள்ளே போனார்.

அண்ணாச்சி தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார்.

“சாமி, இந்தக் காரணத்தையெல்லாம் சேத்து, பதினாறாவதா ஒண்ணு எழுதிரட்டுமா?”

“பிள்ளைக இப்ப எங்க இருக்காக?”

“ஞாயித்துக்கிழமைல்லா. ரெண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பாக.”

“டவுன் பஸ் இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும்,” என்று சாமி பாயைச் சுருட்டினார்.

அண்ணாச்சி எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

“முகத்துக்கு நேரா சொன்னா இன்னைக்கே சண்டை வருமே சாமி. வடிவு கோவக்காரி. குற்றாலம் சோத்துல கையை உதறிட்டு எந்திரிச்சிருவான்.”

“வரட்டும் அண்ணாச்சி,” என்றார் சாமி. “விலக்கிவிட வீட்டுல ஆள் இருக்கும்போதே வரட்டும்.”