நன்றி சொல்லாத முள்ளம்பன்றி

காட்டில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஆலமரத்தடியில் கூடி பிரிட்ஜ் சீட்டு ஆடிவந்த விலங்குகள் எல்லாம் தத்தம் வளைக்குள் முடங்கின. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு ஆன்லைனில் ஆடத் தொடங்கின. செல்போன் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பேசத் தெரிந்த நரிக்கு அதுவும் ஒரு பெரிய காரியமா?

போட்டி என்றால் நடுவர் வேண்டுமே! ஆன்லைன் நடுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க உடும்பு முன்வந்தது. ஆள்காட்டிக் குருவி முதல் ஆளாகச் சேர்ந்து, விதிகளை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்தது. நடுவர் ஆகிவிட வேண்டும் என்று அதற்கு அத்தனை ஆசை!

தேர்வு நாள் வந்தது.

"ஆடுறவங்க வேணும்னே வம்பு பண்ணுவாங்க," என்றது உடும்பு. "யாருக்கு என்ன வம்பு கொடுத்திருக்கேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். நீதான் தீர்ப்பு சொல்லணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. போட்டி முடியறவரைக்கும் நடுவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா ஃபெயில்!"

"நகரவே மாட்டேன்!" என்றது குருவி.

முள்ளம்பன்றியும் முயலும் ஒரு ஜோடி. நரியும் கீரியும் எதிர் ஜோடி.

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதிகப் பிடி எடுப்பேன் என்று கேட்டு ஏலத்தில் ஜெயித்தவரின் பார்ட்னர் தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி விரித்துவிடுவார். ஜெயித்தவர் அதைப் பார்த்து, "நன்றி, பார்ட்னர்" என்பார். சீட்டு வெறும் குப்பையாக இருந்தாலும் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. ஆன்லைனில் சீட்டு தானாகவே விரிந்துவிடுவதால் எல்லாரும் இதை மறந்துவிட்டார்கள். முள்ளம்பன்றி மட்டும் ஒவ்வொரு முறையும் விடாமல் தட்டச்சு செய்யும்.

"மெஷின் விரிச்ச சீட்டுக்கு யாருக்கு நன்றி சொல்றே?" என்று நரி கிண்டல் செய்யும்.

"முயலுக்குத்தான், அண்ணே!" என்று அது சிரிக்கும்.

தேர்வு சூடு பிடித்தது. ஏலத்தில் முள்ளம்பன்றி ஜெயித்தது. முயலின் சீட்டுகள் விரிந்தன. ராஜா இல்லை, ராணி இல்லை, மருந்துக்குக்கூட ஒரு படச் சீட்டு இல்லை!

முள்ளம்பன்றியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரையில் அதன் இருக்கை காலியாகிவிட்டது.

"நடுவரே!" என்று நரி கத்தியது. "தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் ஓடிட்டா! தண்டனை குடுங்க!"

'ஆகா, இதுதான் உடும்பு வைத்த வம்பு!' என்று குருவி துள்ளியது. உடனே முள்ளம்பன்றியின் இடத்தில், மாற்று ஆளாகக் காத்திருந்த காகத்தை உட்கார வைத்தது. ஜோடியின் புள்ளிகளைக் குறைத்தது. எல்லாம் விதிப்படி! தன் சாமர்த்தியத்தை நினைத்து அதற்கே பெருமை தாங்கவில்லை.

அப்போது முயல் எழுதியது: "அக்காவுக்கு என் மேல அவ்வளவு கோபமா? நன்றிகூடச் சொல்லலையே!"

குருவிக்குத் திக்கென்றது. போன மாதம் மொத்தப் போட்டியும் கைவிட்டுப் போனபோதுகூட நன்றி சொன்ன முள்ளம்பன்றியாயிற்றே!

"உடும்பண்ணே! முள்ளம்பன்றி அக்காவை ஓடிப்போகச் சொன்னீங்களா?"

"இல்லையே! மெதுவா ஆடத்தானே சொன்னேன்!"

குருவி முள்ளம்பன்றியைப் போனில் கூப்பிட்டது. பதிலே இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இப்போது எழுந்து போனால் தேர்வு போய்விடும். இத்தனை நாள் படித்தது வீண். குருவி திரையை ஒருமுறை பார்த்தது.

"ஃபெயில்னா ஃபெயில்!" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

ஓடைக் கரை சரிந்து கிடந்தது. முள்ளம்பன்றியின் வளை வாசலை மண் மூடியிருந்தது! குருவியின் குச்சிக் கால்களால் அந்த மண்ணை என்ன செய்ய முடியும்? ஆனால் அதற்குத் தொண்டை இருந்தது.

"நரியண்ணே! ஓடி வாங்க! அக்கா மண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க!"

பக்கத்துப் புதரடியில்தான் நரியின் வளை. "நான் ஜெயிக்கப்போற நேரத்திலதானா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, செல்போனை வாயில் கவ்வியபடி அது ஓடிவந்தது. மண் சரிவைப் பார்த்ததும் செல்போனைக் கீழே போட்டது. மூச்சு வாங்க வாங்கத் தோண்டியது.

கடைசியில் சேறு அப்பிய ஒரு முகம் வெளியே வந்தது.

"நரியண்ணே, நன்றி! குருவி, உனக்கும் நன்றி!" என்று முள்ளம்பன்றி இருமிக்கொண்டே சொன்னது. "அண்ணே, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி, சேற்றுக் கையால் தட்டியது: "சீட்டு விரிச்சதுக்கு நன்றி, பார்ட்னர்! கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

அந்தப் பக்கம் முயல் ஓவென்று அழுதது. ஓடிட்டா என்று கத்திய நரிக்குத் தலை நிமிரவில்லை.

குருவி தன் இடத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தண்டனையை ரத்து செய்தது.

"சரியான தீர்ப்பு," என்றது உடும்பு. "ஆனா இடத்தை விட்டுப் போயிட்டே. ஃபெயில்தான். அடுத்த வாரம் மறுபடி வா."

"வரேன், அண்ணே!" என்றது குருவி. சந்தோஷமாகத்தான் சொன்னது.

அடுத்த வாரம் அது தேறியது. அன்று நரி ஏலத்தில் ஜெயித்தது. கீரியின் சீட்டுகள் விரிந்தன. நரி கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, "நன்றி, பார்ட்னர்!" என்று முதல் முறையாக எழுதியது.

கீரி பதறிப்போயிற்று. "நரியண்ணே, என்னாச்சு? உங்க வளையும் இடிஞ்சிடுச்சா? இதோ வரேன்!"

தவறாமல் நன்றி சொல்கிறவருக்கு, வாய் திறக்க முடியாத நேரத்திலும் உதவி தேடி வரும்.