கவுதாரி மேல் விழுந்த பழி

கரட்டு அடிவாரத்துப் புதர்க்காட்டில் பத்து முயல்கள் வாழ்ந்தன. புதர்க்காட்டை ஒட்டி ஒரு முள்வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சிமுத்து என்கிற விவசாயியின் நிலக்கடலைத் தோட்டம், பச்சைப் பசேலென்று! பிறகு சொல்லவா வேண்டும்?

பொழுது சாய்ந்தால் போதும், பத்தும் வேலிச் சந்துக்குள் நுழைந்துவிடும். வயிற்றுக்குத் தின்றுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. இந்தச் செடியில் ஒரு கடி, அந்தச் செடியில் ஒரு கடி என்று ஒரு வரிசையையே மொட்டையடித்துவிட்டுத்தான் திரும்பும். இரண்டு தடவை விதைத்துப் பார்த்த நாச்சிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு துப்பாக்கிக்காரரை அழைத்து வந்தார்.

அவர் எப்போதும் காக்கித் தொப்பி போட்டிருப்பார். அதனால் முயல்கள் அவருக்குத் தொப்பிக்காரன் என்று பெயர் வைத்தன. ஒரே வாரத்தில் மூன்று முயல்கள் போய்ச் சேர்ந்தன.

மிச்சம் இருந்த ஏழுக்கும் தலைவன் கூர்காதன். சந்தேகம் என்றால் அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல்! மரத்திலிருந்து ஓர் இலை விழுந்தால்கூட, "இது தானா விழுந்துச்சா, யாராவது தள்ளிவிட்டாங்களா?" என்று கேட்பான். அவன் மனைவி செம்மி அப்போது நிறைமாதம். ஓடினால் மூச்சு வாங்கும். அவளையும் வயிற்றுக் குட்டிகளையும் காப்பாற்ற வேண்டுமே என்கிற கவலை அவனுக்கு நிஜமாகவே இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

"நாம வர்ற இடத்திலயே அவன் சரியா உக்காந்திருக்கானே! யாரோ நம்மைக் காட்டிக்கொடுக்கறாங்க!" என்றான் கூர்காதன்.

"நாம தினமும் போற தடம் புல்லுல கோடு போட்ட மாதிரித் தெரியுது. அதை யாரு தனியாக் காட்டிக்கொடுக்கணும்?" என்றாள் செம்மி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு!"

அந்த நேரம் பார்த்துக் கவுதாரி ஓடிவந்தாள். அவள் கூடு வேலிக்கு அடியில்தான் இருந்தது.

"கூர்காதண்ணே! தொப்பிக்காரன் நாச்சிமுத்துகிட்டப் பேசினதைக் கேட்டேன். முயல் ஓடும்போது சுட்டா குறி தப்புமாம். ஒரு சீட்டி அடிச்சாப் போதுமாம். யாருன்னு பாக்க நின்னு, ரெண்டு கால்ல எழுந்திருக்குமாம். அப்பச் சுட்டாத் தப்பவே தப்பாதாம்! இனிமே எந்தச் சத்தம் கேட்டாலும் நிக்காதீங்க. ஓடிடுங்க!"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முயல் குலத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சத்தம் கேட்டால் நிற்க வேண்டும், நிமிர்ந்து பார்க்க வேண்டும், யாரென்று தெரிந்த பிறகே ஓட வேண்டும். நரிக்கு அது சரி. நரி வந்து சேர நேரமாகும். குண்டு வர நேரமாகுமா?

கூர்காதன் கண்ணைச் சுருக்கினான். "அவன் பேசினது உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"என் வீடே வேலியிலதானே இருக்கு!"

"வெடிச் சத்தத்துக்கு முன்னாடியே நீ பறந்துடறியே, அது எப்படி?"

"அவன் துப்பாக்கியைத் தூக்கறது தெரியுது, பறக்கறேன். பறக்கும்போது உங்களுக்கும்தானே கத்தறேன்!"

"சரி, உன்னை ஏன் அவன் சுடலை?"

"நான் கடலை வேரைத் தின்னற கரையானைப் பொறுக்கித் தின்னறேன். அதனால கவுதாரியைத் தொடாதேன்னு நாச்சிமுத்து சொல்லிவெச்சிருக்கார்."

"ஆகா! அப்போ நீ நாச்சிமுத்துவோட ஆளு!"

அடக் கடவுளே! இப்படிப்பட்டவனிடம் என்னத்தைப் பேசுவது?

கூர்காதன் ஒரு சோதனை வைத்தான். "நாளைக்குக் கிழக்குச் சந்து வழியா வரப்போறோம்" என்று கவுதாரியிடம் மட்டும் சொன்னான். "கிழக்கே அவன் உக்காந்திருந்தா, துரோகி இவதான்" என்று முயல்களிடம் கிசுகிசுத்தான்.

மறுநாள் மாலை ஏழு முயல்களும் கரட்டுப் பாறைக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தன. கிழக்குச் சந்துக்கு நேராகத் தொப்பி தெரிந்தது!

"பாத்தீங்களா? பாத்தீங்களா!" என்று குதித்தான் கூர்காதன்.

நடந்தது வேறு. தன் வாடை முயல்களுக்கு எட்டிவிடாதபடி, காற்றைப் பார்த்து இடம் மாறி உட்காருவது தொப்பிக்காரரின் வழக்கம். அன்றைக்கு மேற்கேயிருந்து காற்று வீசியது, கிழக்கே போய் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! கவுதாரி என்று ஒருத்தி இருப்பதே அவர் நினைப்பில் இல்லை.

"ஏங்க, காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கொஞ்சம் பாருங்க" என்றாள் செம்மி.

"அவளுக்கு நீ வக்காலத்தா? நீயும் கூட்டா?"

கட்டிய புருஷன் கேட்கிற கேள்வியா இது? செம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முயல்கள் கவுதாரியைச் சூழ்ந்தன. கூட்டை மிதித்துக் கலைத்தன. கூர்காதன் அவள் முதுகில் நாலு இறகைப் பிடுங்கினான். "நான் ஒரு பாவமும் செய்யலையே!" என்று அழுதுகொண்டே அவள் தோட்டத்து மேற்குக் கோடியில் இருந்த வேலமரத்துக்குப் பறந்தாள்.

அடுத்த நாள் மாலை கூர்காதன் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். "துரோகி ஒழிஞ்சா! இனி நமக்கு என்ன பயம்? மேற்குச் சந்து வழியா வாங்க!"

காற்று மாறியிருந்தது. தொப்பிக்காரர் இப்போது மேற்கு வரப்புக்குப் பின்னால் படுத்திருந்தார்.

வேலமரத்திலிருந்து கவுதாரி அதைப் பார்த்தாள். முதுகு இன்னும் எரிந்தது. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்போது வயிற்றைச் சுமந்துகொண்டு கடைசியாக வந்த செம்மி அவள் கண்ணில் பட்டாள். அதற்குமேல் தாங்கவில்லை.

"ஓடுங்க! ஓடுங்க!" என்று அலறினாள்.

அதே நேரம் வரப்பிலிருந்து மெல்லிய சீட்டி ஒன்று கேட்டது.

செம்மி நிற்கவில்லை. மூச்சு வாங்க வாங்கப் புதருக்குள் பாய்ந்தாள். அவளைப் பார்த்து மற்ற ஐந்தும் பாய்ந்தன. கூர்காதனும் இரண்டு தாவல் தாவிவிட்டான். மூன்றாவது தாவலில் அவனுக்குச் சந்தேகம் வந்தது.

'இவ ஏன் திரும்பவும் கத்தறா? யாரு கத்தச் சொன்னாங்க? எங்க ஓட வைக்கப் பாக்கறா?'

நின்றான். இரண்டு காலில் எழுந்தான். காதை விறைத்துக்கொண்டு வேலமரத்தையே முறைத்துப் பார்த்தான். வரப்பு அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

"டுமீல்!"

தொப்பிக்காரர் எழுந்து வந்து கூர்காதனின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

விடிந்ததும் செம்மி மிச்சமிருந்த ஐந்து முயல்களைக் கூட்டிக்கொண்டு கரட்டுக்கு அப்பால் புறப்பட்டாள். போகிற வழியில் வேலமரத்தடியில் நின்றாள். அழுதுகொண்டே கேட்டாள்.

"அக்கா! உன் கூட்டையே மிதிச்சுக் கலைச்சோமே. அப்புறமும் ஏன் எங்களுக்காகக் கத்தினே?"

கவுதாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கத்தாம இருந்திருந்தா, உன் வீட்டுக்காரர் என்னைப் பத்திச் சொன்னது நிஜமாகிப் போயிருக்குமே!"

எச்சரிப்பவரைச் சந்தேகித்துக்கொண்டு நிற்கிறவன், பக்கத்திலேயே இருக்கும் எதிரியைப் பார்க்காமலே அழிவான்.